வீடு தேடி வரும் தொழிலுக்கு ஒரு கூட்டுறவுச் சந்தை

இராசிபுரம் வட்டத்தில் ஒரு நெசவாளர் சங்கத்தின் பொதுப்பேரவைக் கூட்டம் முடிந்து அங்கத்தினர்கள் கலைந்துகொண்டிருந்த வேளை. வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர் என்னைத் திண்ணையோரம் அழைத்துச் சென்று ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மூத்த மகன் தறியை விட்டுவிட்டான். தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்வேலை கற்று, கைபேசி வழியாக வேலை பிரித்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் பதிவு செய்துகொண்டு, வீடு வீடாகச் சென்று விசிறியும் விளக்கும் பழுது பார்க்கிறான். நூறு ரூபாய் கூலி வந்தால் அதில் கால் பங்குக்குக் குறையாமல் கம்பெனிக்குப் போய்விடுகிறது. "ஏனுங்க சார், நம்ம சங்கம் நூல் குடுக்குது; நெய்த சேலையை வித்தும் குடுக்குது. எம் பையன் வேலையை மட்டும் வித்துக் குடுக்காதுங்களா?" என்றார்.

அன்று நான் அவருக்குத் தக்க விடை கூறவில்லை. கோப்புகளோடு பஸ் ஏறிவிட்டேன். ஆனால் அக்கேள்வி என்னை விடவில்லை. சேலம், நாமக்கல் சமவெளியில் தறியையும் நிலத்தையும் விட்டு வெளியேறும் இளைஞர் பலர் இன்று இத்தகைய தொழில்களிலேயே இறங்குகின்றனர். மோட்டார் சுற்றுதல், குழாய் வேலை, குளிர்சாதனப் பெட்டி பழுது பார்த்தல், தச்சு, வர்ணம், குடிநீர் சுத்திகரிப்புக் கருவியைப் பராமரித்தல் ஆகிய யாவற்றுக்கும் வேலையும் இருக்கிறது, ஆளும் இருக்கிறான். இருவரையும் சேர்த்து வைப்பவன் கைக்கே லாபம் போகிறது. அந்த இடத்தில் சங்கம் அமர முடியுமா என்பதை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறேன்.

முதலில் இச்சந்தை எத்தன்மையது என்பதைத் தெரிந்துகொள்வோம். நம் பகுதி அங்கத்தினர்களுக்கு இது புதிய விஷயமே அன்று. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரி புக்கிங் ஆபீஸைப் பார்க்காதவர் யார்? அங்கு மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவருக்குச் சொந்த லாரி இருக்கவேண்டியதில்லை. ஏற்றுவதற்குச் சொந்தச் சரக்கும் இருக்கவேண்டியதில்லை. எந்த ஊரில் சரக்கு காத்திருக்கிறது, எந்த லாரி வெறும் வண்டியாகத் திரும்புகிறது என்ற இரண்டு செய்திகளே அவருடைய மூலதனம். அவ்விரண்டையும் பிணைத்துவிட்டுக் கமிஷன் எடுத்துக்கொள்கிறார். கைபேசியில் நடக்கும் வேலைச் சந்தையும் இதுவேதான். மேசைக்குப் பதிலாகக் கணினி. டெலிபோன் டைரிக்குப் பதிலாக மறதியில்லாத கணக்கு. வீட்டுக்காரர் தம் கைபேசியில் குழாய் ஒழுகுகிறது என்று தட்டுகிறார். அருகில் ஓய்வாக இருக்கும் தொழிலாளிக்குச் செய்தி போகிறது. அவர் சென்று வேலையை முடிக்கிறார். பணம் வங்கிக் கணக்கின் வழியாகக் கைமாறுகிறது. வீட்டுக்காரர் ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுகிறார்.

ஒரு வேற்றுமை மட்டும் மனத்தில் இருக்கவேண்டும். லாரியில் போவது சரக்கு. இங்கே விற்பது மனிதனுடைய நேரம். நாமக்கல் முட்டை இன்று விற்காவிட்டால் நாளை விலை சற்றுக் குறைத்தாவது விற்கலாம். வேலையில்லாமல் கழிந்த ஒரு முற்பகலை எந்தக் குளிர்பதனக் கிடங்கிலும் வைத்து மறுநாள் விற்க இயலாது. ஆகையால் தொழிலாளிக்குச் சந்தையிடம் முதல் தேவை அதிகக் கூலி அன்று, இடைவெளியின்றி வேலை. இதை உணராமல் "நாங்கள் கமிஷன் வாங்கமாட்டோம்" என்று மட்டும் பறைசாற்றுவதால் ஒரு சங்கம் வென்றுவிடாது.

வீடு தேடி வரும் தொழில் நமக்குப் பழமையானதே. தறிக்காரர் வீட்டுக்குப் பாவு பிணைப்பவர் வருவார். அவர் வரும்வரை தறி நிற்கும். கிணற்று மோட்டார் பழுதானால் மோட்டார் கழற்றும் குழு வரும். அவர்களை ஊரே பெயர் சொல்லி அறியும். சந்தை எதுவும் தேவைப்படவில்லை. இன்றோ சேலம் மாநகரைச் சுற்றிலும் புதுக் குடியிருப்புகள் எழுந்துவிட்டன. குடிவந்தவருக்கு ஊரில் எவரையும் தெரியாது. ஊரில் உள்ள தொழிலாளிக்கும் அவரைத் தெரியாது. அறியாதவர் வீட்டுக்குள் அறியாதவர் நுழைய வேண்டியிருக்கிறது. அங்கே நம்பிக்கைக்கு ஒருவர் பொறுப்பேற்றால் அதற்கு விலை உண்டு. கம்பெனிகள் விற்பது அந்தப் பொறுப்பைத்தான்.

நம் நாட்டில் இத்துறையில் மிகப் பெரிதாக வளர்ந்த கம்பெனியின் வரலாறு நமக்குப் பாடமாகும். 2014-இல் அர்பன்கிளாப் என்ற பெயரில் தொடங்கப்பெற்று, 2020 முதல் அர்பன் கம்பெனி எனப்படும் இது, குருகிராமைத் தலைமையிடமாகக் கொண்டது. ஆரம்பத்தில் அது வெறும் அறிமுகம் செய்துவைக்கும் தரகராகவே இருந்தது. வீட்டுக்காரர் தேவையை எழுதுவார். தொழிலாளர் சிலர் விலை கூறுவார்கள். பிறகு அவர்கள் பாடு. இம்முறையில் வேலையின் தரத்துக்கு யாரும் பொறுப்பாளி அல்ல. எனவே கம்பெனி முறையை மாற்றிக்கொண்டது. தொழிலாளர்க்குத் தானே பயிற்சி கொடுத்தது. ஒவ்வொரு வேலைக்கும் விலையைத் தானே நிர்ணயித்தது. கருவியும் பொருளும் தன் வழியாக வாங்கச் செய்தது. வீட்டுக்காரருக்கு நம்பிக்கை பிறந்தது, கம்பெனி வளர்ந்தது, 2025 செப்டம்பரில் அதன் பங்குகள் பங்குச் சந்தையிலும் ஏறிவிட்டன.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2021 அக்டோபரில் இக்கம்பெனி வழியாக அழகுக்கலைப் பணி செய்த பெண்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் குருகிராம் அலுவலகத்தின் முன் கூடிப் போராடினர். கமிஷன் மிகுதி, கம்பெனியிடமே பொருள் வாங்கவேண்டிய கட்டாயம், மதிப்பெண் குறைந்தால் கணக்கு முடக்கப்படுதல், பாதுகாப்பின்மை என்பவை அவர்களுடைய குறைகள். கம்பெனி சில சலுகைகளை அறிவித்தது. கமிஷனின் மேல்வரம்பை நூற்றுக்கு 30-லிருந்து 25 ஆகக் குறைப்பதாகவும் கூறியது. அவ்வாண்டு டிசம்பரில் பெண்கள் மீண்டும் கூடியபோது, அவர்கள்மீது நீதிமன்றத்துக்கும் சென்றது. விலையையும் விதியையும் வகுக்கும் இடத்தில் தொழிலாளிக்கு நாற்காலி இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதை இந்நிகழ்ச்சி எடுத்துக்காட்டுகிறது. ஆயினும் அதே கம்பெனி பயிற்சிக்கும் நிலையான விலைக்கும் கொடுத்த முக்கியத்துவத்தை நாம் மறுக்கவேண்டியதில்லை. அது நாம் கற்றுக்கொள்ளத் தக்கது.

வளர்ந்தவர்களை மட்டும் பார்த்தால் போதாது, வீழ்ந்தவர்களையும் பார்க்கவேண்டும். அமெரிக்காவில் ஹோம்ஜாய் என்னும் வீட்டுத் துப்புரவுச் சந்தை கோடிக்கணக்கான டாலர் முதலீட்டோடு பல நகரங்களுக்குப் பரவி, 2015 ஜூலை இறுதியில் மூடப்பட்டது. தொழிலாளர்கள் கம்பெனியின் ஊழியர்களா அல்லரா என்ற வழக்குகள் ஒரு காரணமாகக் கூறப்பட்டன. இன்னும் ஆழமான காரணம் வேறு. முதல் முறைக்கு அடிமாட்டு விலை வைத்து வாடிக்கையாளரை இழுத்தார்கள். அப்படி வந்தவர்களில் பெரும்பாலோர் முழு விலைக்குத் திரும்பி வரவில்லை. துப்புரவுப் பணியாளர் பிடித்துப்போனவர்களோ, அடுத்த முறை அவரையே நேரில் அழைத்துக்கொண்டார்கள்.

இந்த "நேரில் அழைத்துக்கொள்ளல்" ஒன்றே இத்தொழிலின் உயிர்நிலை. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதவேண்டும். ஏனெனில் நானே இதில் ஒருமுறை ஏமாந்தவன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பொறுப்பில் இருந்த ஒரு சங்கம், ஊர் பேர் வேண்டாம், இத்தகைய செயலி ஒன்றை அமைக்கத் தீர்மானம் போட்டது. உற்சாகமான நிர்வாகக் குழு, நல்ல எண்ணம். சேர்த்து வைத்திருந்த நிதியில் பெரும்பகுதியை வெளியூர் மென்பொருள் நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்தார்கள். அந்தத் தீர்மானத்தில் சட்டப்படி குறை ஏதும் உண்டா என்று மட்டும் பார்த்து, இல்லையென்று கையெழுத்திட்டு மேலே அனுப்பியவன் நான். திறப்பு விழாவுக்கும் போயிருந்தேன். ஆய்வுக்காக ஆறாம் மாதம் மறுபடி சென்று பதிவுகளைப் புரட்டினேன். முதல் மாதம் பக்கங்கள் நிரம்பியிருந்தன. ஐந்தாம் மாதத்தில் அரைப் பக்கம்கூட நிறையவில்லை. தொழிலாளர்களுக்கு வேலை இல்லையோ என்று விசாரித்தால், முன்னைவிட அதிகமாகவே இருந்தது! குழாய்த் தொழிலாளி ஒருவர் ஒளிவு மறைவின்றிச் சொன்னார்: "முதல் தடவை சங்கம் அனுப்புச்சுதுங்க. அடுத்த தடவை வீட்டுக்காரம்மாவே நேரா கூப்புட்டாங்க. எதுக்குங்க நடுவுல கமிஷன்?"

அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கணக்குச் சரி. நம் கணக்குத்தான் தவறு. முதல் அறிமுகத்துக்குப் பிறகும் வீட்டுக்காரருக்கோ தொழிலாளிக்கோ சங்கம் என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாதவருக்கு இரண்டாம் முறை கமிஷன் எதற்கு? செயலி செய்த நிறுவனத்தைக் குறை கூறியும் பயனில்லை. அவர்கள் கேட்டதைச் செய்து கொடுத்தார்கள். சங்கத்தின் பணம் போனது போனதே. அதில் எளிய அங்கத்தினர்களின் பங்குத் தொகை கலந்திருந்தது என்பதை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

இந்த அனுபவத்திலிருந்து, எந்த வேலைகளைச் சந்தைக்குக் கொண்டுவரலாம் என்பதற்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. சமையல், அன்றாட வீட்டுவேலை, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுதல் ஆகியவற்றில் ஒரு முறை ஆள் அமைந்துவிட்டால் மாதக்கணக்கில் அவரே வருவார். சந்தைக்கு அங்கே ஒரு நாள் வேலைதான். பழுது பார்க்கும் தொழில்கள் அப்படியல்ல. இன்று குழாய், மூன்று மாதம் கழித்து மின்விசிறி, கோடையில் குளிர்சாதனப் பெட்டி, ஐப்பசியில் கூரை ஒழுக்கு என்று தேவை மாறிக்கொண்டே இருக்கும். ஒரே ஆளால் எல்லாவற்றையும் செய்ய இயலாது. அழைத்த நாளில் அவருக்கு ஓய்வும் இருக்காது. அங்கே பலரை ஒருங்கே வைத்திருக்கும் இடத்துக்கு நீடித்த பயன் உண்டு. எனவே தொடங்குவோர் பழுது வேலைகளிலிருந்து தொடங்குவதே உசிதம் என்பது என் கருத்து.

அப்படியானால் அன்றாட வேலைக்குக் கூட்டுறவுச் சந்தையே ஆகாதா என்று கேட்கலாம். நியூயார்க் நகரிலிருந்து அதற்கு விடை கிடைக்கிறது. அங்கு வீட்டுத் துப்புரவு செய்யும் பெண்கள், பெரும்பாலும் லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து குடியேறியவர்கள், சிறு சிறு தொழிலாளர் கூட்டுறவுகளை அமைத்துக்கொண்டு, அக்கூட்டுறவுகளுக்கே சொந்தமாக 'அப் அண்டு கோ' என்னும் இணையச் சந்தையை 2017-இல் தொடங்கினர். வாடிக்கையாளர் கொடுக்கும் நூறு டாலரில் 95 டாலர் தொழிலாளிக்கு; 5 டாலர் மட்டும் சந்தையின் பராமரிப்புக்கு. அந்த ஐந்தையும் மிச்சப்படுத்த வேண்டுமென்று தன் சொந்தக் கடையையே ஒருவர் ஏமாற்றிக்கொள்வாரா? சொந்தக்காரரும் தொழிலாளியும் ஒருவரே ஆனபோது கள்ளவழிக்கு ஆசை குறைகிறது. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. அந்தச் சந்தையை அமைக்கும் ஆரம்பச் செலவை அறநிறுவனங்களும் ஒரு வங்கியும் தாங்கின. ஐந்து விழுக்காட்டுக் கமிஷனால் மட்டும் அது எழுந்துவிடவில்லை.

நம் நாட்டிலும் முன்னோடிகள் இல்லாமல் இல்லை. 1972-இல் அகமதாபாத்தில் ஈலா பட் அம்மையார் தொடங்கிய சேவா சங்கத்தின் வழியாக, குப்பையில் காகிதம் பொறுக்கிய பெண்கள் துப்புரவுக் கூட்டுறவு அமைத்து அலுவலகங்களின் பணியை ஒப்பந்தமாக எடுத்தனர். நோயாளிகளையும் முதியோரையும் வீட்டில் பராமரிக்கும் பெண்களும் அவ்வாறே கூடினர். அவர்கள் செயலியிலிருந்து தொடங்கவில்லை. முதலில் சங்கம், 1974-இல் தலைக்குப் பத்து ரூபாய்ப் பங்கு போட்டு நான்காயிரம் பெண்கள் அமைத்த வங்கி, அதன் பிறகே மற்றவை. கேரளத்தில் வடகரை அருகே 1925-இல் பதினான்கு கூலித் தொழிலாளர் தொடங்கிய ஊராளுங்கல் சங்கம் இன்று பாலமும் சாலையும் கட்டுகிறது. கோழிக்கோட்டில் கணினித் தொழிற்பூங்காவையும் நடத்துகிறது. தொழிலாளர் சங்கத்துக்குக் கணினி எட்டாக்கனி என்று கூறுவோர் அங்கே சென்று பார்க்கலாம்.

இனி கணக்குக்கு வருவோம். கீழே வருவன யாவும் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்ட எண்களே; ஒவ்வொரு சங்கமும் தன் ஊர் நிலவரப்படி மாற்றிப் பார்க்கவேண்டும். பன்னிரண்டு தொழிலாளர் சேருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் சங்கத்தின் வழியாக நாளொன்றுக்கு இரண்டு வேலை. மாதம் 25 நாள். ஆக 600 வேலைகள். ஒரு வேலைக்குச் சராசரிக் கூலி 400 ரூபாய் என்றால் மொத்தம் 2,40,000 ரூபாய். நூற்றுக்குப் பத்து வீதம் சங்கத்துக்கு 24,000 ரூபாய். செலவு என்ன? அழைப்பை ஏற்று ஆளை அனுப்பும் எழுத்தருக்கு 14,000. தொலைபேசி, இணையம், அச்சு 1,500. சரியாக அமையாத வேலையை மறுபடி இலவசமாகச் செய்து கொடுக்க ஒதுக்கு 2,500. இதரச் செலவு 1,000. மொத்தம் 19,000. கையில் நிற்பது 5,000 ரூபாய். நன்று. ஆனால் வேலைகள் பாதியாகக் குறைந்து 300 ஆனால், வருவது 12,000 மட்டுமே. எழுத்தர் சம்பளத்துக்கே போதாது. ஒரு வேலைக்கு 40 ரூபாய் வீதம் 19,000 ரூபாயைத் திரட்ட 475 வேலைகள், அதாவது நாளொன்றுக்கு 19 வேலைகள் வேண்டும். இதுவே சமநிலை எல்லை. நூற்றுக்கு 25 வாங்கும் கம்பெனிக்கு அதே செலவுக்கு 190 வேலைகளே போதும். கமிஷனைக் குறைப்பது எத்தனை பெரிய பொறுப்பு என்பது இப்போது விளங்கும். குறைந்த கமிஷனில் நிற்கும் சங்கம் தன் தொழிலாளர்களை நாள் முழுதும் வேலையில் வைத்திருந்தாக வேண்டும்.

அந்த வேலை எங்கிருந்து வரும்? வேலை இருந்தால்தான் தொழிலாளி சேருவார். தொழிலாளி இருந்தால்தான் வேலை வரும். முட்டை முதலா கோழி முதலா என்பதற்கு நாமக்கல்லிலேயே இன்னும் விடை கண்டபாடில்லை! கம்பெனிகள் இந்த முடிச்சை விளம்பரப் பணத்தால் அவிழ்க்கின்றன. சங்கத்தில் பணம் இல்லை. ஆனால் கம்பெனியிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. அங்கத்தினர் பதிவேடு! ஒரு தொடக்க வேளாண்மைக் கடன் சங்கத்தின் பதிவேட்டில் உள்ள வீடுகளை எண்ணிப் பாருங்கள். அத்தனை வீட்டிலும் குழாய் உண்டு, மின்சாரம் உண்டு. விவசாயியிடம் நீர்மூழ்கி மோட்டாரும் சொட்டுநீர்க் குழாயும் மருந்து தெளிப்பானும் உண்டு. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் விசைத்தறிக் கூடந்தோறும் மோட்டார் உண்டு. இவர்களே முதல் வாடிக்கையாளர். நகரத்துப் புதுக் குடியிருப்பை இரண்டாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

எல்லாத் தொழிலையும் எல்லா ஊரிலும் ஒரே நாளில் தொடங்க ஆசைப்படவேண்டாம். ஓர் ஊர், இரண்டு தொழில் போதும். தொழிலாளி அரை மணியில் சேரக்கூடிய தூரமே எல்லை. இருபது மைல் அப்பால் இருக்கும் வேலையை ஏற்றால் பெட்ரோல் கூலியைத் தின்றுவிடும். முதல் ஆறு மாதத்துக்குச் செயலியும் வேண்டாம். ஒரு கைபேசி எண், வாட்ஸ்அப், ஒரு தடித்த பதிவேடு, பணம் பெற யு.பி.ஐ. குறியீட்டு அட்டை. இவை போதும். அழைத்தவர், நேரம், வேலை, அனுப்பிய ஆள், முடித்த நேரம், கூலி, முறையீடு என்ற ஏழு பத்திகளை நாள்தோறும் நிரப்பினால், எந்த வேலைக்கு எந்த மாதத்தில் எவ்வளவு கிராக்கி என்பது ஆறு மாதத்தில் தெரிந்துவிடும். பிறகு செயலி செய்பவரிடம் என்ன வேண்டும் என்று நாம் சொல்லலாம். அவர் நமக்குச் சொல்லவேண்டியதில்லை. நான் கையெழுத்திட்ட அந்தச் சங்கத்தில் இந்தப் பதிவேடு ஆறு மாதம் இருந்திருக்குமானால்!

விலைப் பட்டியலை அச்சிட்டு வீட்டுக்காரருக்கும் கொடுக்கவேண்டும். கூலி வேறு, பொருள் வேறு என்று பிரித்துக் காட்டவேண்டும். இதில் நம் ஊர்களில் நெடுநாளாக ஒரு வழக்கம் இருக்கிறது. குழாயும் சுவிட்சும் வாங்கும் கடைக்காரர் தொழிலாளிக்குத் தனியாகக் கமிஷன் கொடுப்பார்; அது வீட்டுக்காரர் தலையில்தான் விழும். இவ்வழக்கம் ஒழியாதவரை சங்கத்தின் நாணயத்தை யாரும் நம்பமாட்டார்கள். பொருளைக் கூட்டுறவுப் பண்டகசாலையில் அச்சிட்ட விலைக்கு வாங்கவோ, வீட்டுக்காரரே வாங்கிக்கொள்ளவோ ஏற்பாடு செய்யலாம். தொழிலாளர்க்கு அதனால் வருமானம் குறையும் என்பது மெய்யே. அதைக் கூலியில் வெளிப்படையாகக் கூட்டிக்கொள்வதே நேர்மை.

வீட்டுக்காரர் இரண்டாம் முறையும் சங்கத்தின் வழியாகவே வருவதற்குக் காரணம் வேண்டும் என்று மேலே கூறினேன். முப்பது நாளுக்குள் அதே பழுது திரும்பினால் இலவசமாகச் சரிசெய்தல், இரசீது, அவர் வீட்டு மோட்டாரும் சாதனங்களும் எப்போது பழுது பார்க்கப்பட்டன என்ற குறிப்பு ஆகிய மூன்றையும் தனி ஆளால் கொடுக்க இயலாது. தொழிலாளிக்கும் காரணம் வேண்டும். கருவி வாங்கச் சங்கக் கடன், விபத்துக் காப்பு, ஆண்டு முடிவில் அவர் செய்த வேலைக்கு ஏற்ப லாபத்தில் பங்கு. விபத்துக் காப்புக்குப் பெரும் பணம் தேவையில்லை. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய்க்கு இரண்டு லட்ச ரூபாய் காப்பு வங்கிக் கணக்கின் வழியாகவே கிடைக்கிறது. குழாய், மின்தொழிலாளர் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்கிறார்களா என்பதையும் எழுத்தர் பார்த்துக் கொடுக்கலாம்.

மதிப்பெண் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. வாடிக்கையாளரின் கருத்தைக் கேட்பது அவசியம். ஆனால் மதிப்பெண் குறைந்தது என்று ஒருவருக்கு வேலையை நிறுத்துவது கூட்டுறவு முறைக்கு ஒவ்வாது. அவர் அங்கத்தினர். அவரிடம் விளக்கம் கேட்டு, நிர்வாகக் குழு விசாரித்து, பயிற்சியால் தீருமா என்று பார்த்த பிறகே நடவடிக்கை. இதனோடு சேர்த்துச் சொல்லவேண்டிய கசப்பான விஷயமும் இருக்கிறது. ஆள் அனுப்புமுன் "அவங்க என்ன ஆளுங்க?" என்று சாதி கேட்கும் அழைப்புகள் வரும். சமையலறைக் குழாய்க்கு இன்னார்தான் வரவேண்டும் என்பார்கள். அத்தகைய அழைப்பை எழுத்தர் மறுத்துவிடவேண்டும் என்று துணை விதியிலேயே எழுதிவைப்பது நல்லது. அவருடைய தனிப்பட்ட துணிச்சலுக்கு அதை விட்டுவிடலாகாது. அதுபோலவே, கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்கும் வேலையை எந்த விலைக்கும் ஏற்கக்கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்கிறது; அதில் உயிர் போன குடும்பங்களை நம் மாநிலம் அறியும். பெண் தொழிலாளர் செல்லும் வீடுகளின் முகவரி, நுழைந்த நேரம், வெளிவந்த நேரம் ஆகியவை பதிவேட்டில் தவறாமல் ஏறவேண்டும்.

சட்டங்களைப் பற்றி உத்தியோக முறையில் சிலவற்றைக் கூறிவிடுகிறேன். நெசவாளர் சங்கத்தின் துணை விதிகளில் வீட்டுப் பழுது வேலை நோக்கமாக இராது. துணை விதித் திருத்தம் பதிவு பெறாமல் சங்க நிதியைச் செலவிட்டால் அது தண்டத்துக்கு உரியது. நல்ல எண்ணம் சமாதானம் ஆகாது. தொழிலாளர்களே தனிச் சங்கமாகப் பதிவு செய்துகொள்வது இன்னும் தெளிவான வழி. 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டப்படி குறைந்தது 25 பேர் வேண்டும். அவர்களுக்கு நம் சங்கம் அறையும் பதிவேடும் தொடக்கக் கடனும் கொடுத்து உதவலாம்.

வரியில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குக் குறைந்த குழாய்த் தொழிலாளி சரக்கு சேவை வரிக்குப் பதிவு செய்யவேண்டியதில்லை. ஆனால் அவரே மின்வணிகத் தளத்தின் வழியாக வேலை செய்தால், அச்சட்டத்தின் 9(5) பிரிவின்படி குழாய், தச்சு முதலிய வீட்டுப் பணிகளுக்குத் தளத்தை நடத்துபவர் வரி கட்டவேண்டும். அவருக்கு 20 லட்ச விலக்கும் இல்லை. ஆகவே செயலி வைக்குமுன் வரி ஆலோசகரைக் கண்டுவிட்டு விலைப் பட்டியலைப் போடுங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, முறையீட்டு அலுவலர் ஒருவரை நியமித்து, 48 மணி நேரத்தில் முறையீட்டைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்தில் தீர்க்கவேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், இத்தகைய தளங்கள் ஆண்டு வரவில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை, தொழிலாளர்க்குக் கொடுக்கும் தொகையில் ஐந்து விழுக்காட்டுக்கு மேற்படாமல், சமூகப் பாதுகாப்பு நிதிக்குச் செலுத்த வகை செய்கிறது. இணையம் சார்ந்த தொழிலாளர்க்கெனத் தமிழ்நாட்டில் 2023-இல் நல வாரியம் அமைக்கப்பட்டிருக்கிறது. சங்கம் என்ற பெயர் இருப்பதனால் மட்டும் இவை நம்மை விட்டு விலகிப் போய்விடா. மின்வேலைக்கு அனுப்பப்படுபவரிடம் வயர்மேன் தகுதிச் சான்று உண்டா என்று பார்ப்பதும் இதில் சேரும். சான்றில்லாதவர் இணைத்த கம்பியால் ஒரு வீடு எரிந்தால் எந்தப் பதிவேடும் நம்மைக் காக்காது.

இத்தனையும் எழுதிய பின், திண்ணையோரம் கேள்வி கேட்ட அந்தப் பெரியவரைச் சென்ற வாரம் மீண்டும் பார்த்தேன். முடியும் என்றேன், ஆனால் முதலில் 25 பேர் வேண்டும், ஆறு மாதம் பதிவேடு எழுத ஒருவர் வேண்டும், நாளொன்றுக்கு 19 வேலை வேண்டும் என்று கணக்கையும் சொன்னேன். அவர் சற்று யோசித்தார். "ஆளு பதினோரு பேர் இருக்கறாங்க. எம் பையனையும் சேர்த்துத்தானுங்க" என்றார். வெண்ணந்தூர்ப் பக்கமும் அத்தனூர்ப் பக்கமும் விசாரித்து மீதிப் பெயர்களைத் திரட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். வரும் அமாவாசைக்குள் பட்டியல் வந்தால், மாதிரித் துணை விதியோடு நானே நேரில் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.